ஏரிக்கு அக்கரையில் ஓர் அறை

ஃபுளோரிடாவில், ஆர்லாண்டோ நகரத்துக்குத் தென்மேற்கே இருக்கும் மேஜிக் கிங்டம் பூங்காவுக்குக் காரில் போகிற குடும்பம் நேராக வாசலில் போய் இறங்க முடியாது. கட்டணம் கட்டிக் காரை நிறுத்திவிட்டு, பைகளைச் சோதனைக்குக் கொடுத்து வாங்கிக்கொண்டு நடந்தால் ஒரு போக்குவரத்து நிலையம் வரும். அங்கே மோனோரயிலோ படகோ பிடித்து செவன் சீஸ் லகூன் என்ற ஏரியைத் தாண்ட வேண்டும். சிண்ட்ரெல்லா கோட்டையின் உச்சி அக்கரையில் தெரியும். பிள்ளைகள் அதைக் காட்டிக் குதிப்பார்கள். கூட்டமான காலையில், காரை விட்டு இறங்கியதிலிருந்து வாசலைத் தொட முக்கால் மணி நேரம்கூட ஆகிவிடும். அந்த ஏரி அங்கே தானாக இருந்ததில்லை. சதுப்பு நிலத்தைத் தோண்டி டிஸ்னி நிறுவனம் உண்டாக்கியது. தோண்டிய மண்ணைக் கொண்டு பூங்காவின் தரையை உயர்த்தினார்கள்.

அதே ஏரிக்கரையில் டிஸ்னியின் ஓட்டல்கள் நிற்கின்றன. கன்டெம்பரரி ஓட்டலில் தங்கியவர் பத்து நிமிடம் நடந்தால் பூங்கா வாசல். சில மைல் தள்ளியிருக்கும் டிஸ்னியின் மலிவு ஓட்டல்களில் தங்கியவரையும் நிறுவனத்தின் பேருந்து சுற்றிக்கொண்டு வந்து வாசலருகே இறக்கிவிடும். ஏரியைத் தாண்டுகிற வேலை, காரில் வருகிறவருக்குத்தான்.

குடும்பத்தோடு தீம் பார்க் போக அறை தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது வரைபடத்தை. பூங்காவிலிருந்து இத்தனை மைல், இத்தனை டாலர் என்று ஒப்பிட்டு முடிவெடுக்கிறார்கள். ஆர்லாண்டோவில் அந்தக் கணக்கு பாதிதான் உதவும். அங்கே பக்கம், தூரம் என்பதெல்லாம் பூங்கா நடத்துகிற நிறுவனம் ஐம்பது ஆண்டுகளாகத் திட்டமிட்டு அமைத்தது. விதிகளை மாற்றி அவ்வப்போது கூட்டவும் குறைக்கவும் செய்வது. அது எப்படி உருவானது, இன்று அதில் என்ன மிச்சமிருக்கிறது என்று தெரிந்தால்தான் ஓர் இரவுக்குக் கொடுக்கிற பணம் எதற்குப் போகிறது என்று புரியும்.

கதை கலிஃபோர்னியாவில் தொடங்குகிறது. 1955 ஜூலை 17 அன்று அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது, 160 ஏக்கர் நிலத்தை வாங்கிப் பூங்காவைக் கட்டி முடிக்கவே வால்ட் டிஸ்னிக்குப் பணம் இழுபறியாக இருந்தது. ஓட்டல் கட்ட அவரிடம் காசு இல்லை. ஜாக் ராதர் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளரிடம் அந்த வாய்ப்பைக் கொடுத்தார். அதே ஆண்டு அக்டோபரில் டிஸ்னிலேண்ட் ஓட்டல் திறந்தது. தன் பெயரைத் தாங்கிய அந்த ஓட்டலைத் தன்வசமாக்கிக்கொள்ள நிறுவனத்துக்கு 1988 வரை ஆனது. அதற்குள் பூங்காவின் கிழக்கே ஹார்பர் பூல்வார்டு நெடுக மோட்டல்கள் முளைத்துவிட்டன. பூங்காவுக்காக வந்த கூட்டம் இரவில் காசைக் கொட்டியதெல்லாம் அடுத்தவர் கல்லாவில்.

இன்றும் அனஹைமில் நிலவரம் அதுதான். ஹார்பர் பூல்வார்டில் சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கும் சில சாதாரண விடுதிகளிலிருந்து சாலையைக் கடந்து சில நிமிடம் நடந்தால் பூங்கா வாசல் வந்துவிடும். பல மடங்கு வாடகை கொடுத்து டிஸ்னிலேண்ட் ஓட்டலில் தங்கியவர் கடைத்தெருவைத் தாண்டி அதைவிட அதிகமாக நடக்க வேண்டும். ஆகவே அனஹைம் போகிறவருக்கு யோசனை சொல்வது எளிது: வெளியே தங்குங்கள், நடந்து போங்கள். அலங்காரமும் நீச்சல்குளமும் முக்கியம் என்கிறவர் மட்டும் உள்ளே பணம் கொடுக்கலாம்.

ஹார்பர் பூல்வார்டு அனுபவம் வால்ட் டிஸ்னியை உறுத்திக்கொண்டே இருந்தது. 1964, 65 ஆண்டுகளில் பல போலி நிறுவனப் பெயர்களில் நடு ஃபுளோரிடாவில் ரகசியமாக 27,000 ஏக்கருக்கும் மேல் நிலம் வாங்கினார்கள். ஏறக்குறைய 43 சதுர மைல். வாங்குவது யார் என்று தெரிந்தால் விலை ஏறிவிடும் என்பது ரகசியத்துக்குக் காரணம். அவ்வளவு நிலம் எதற்கு என்பதற்கு ஒரு காரணம் ஹார்பர் பூல்வார்டு. 1966 டிசம்பரில் வால்ட் இறந்துபோனார். அடுத்த ஆண்டு மாநிலச் சட்டமன்றம் ரீடி க்ரீக் என்ற சிறப்பு மாவட்டத்தை உருவாக்கி, சாலை, வடிகால், கட்டட விதி எல்லாவற்றையும் அந்த மாவட்டத்தின் கையில், அதாவது நடைமுறையில் நிறுவனத்தின் கையில், விட்டது. 2023இல் ஃபுளோரிடா அரசு அந்த மாவட்டத்தின் நிர்வாகத்தைத் தானே எடுத்துக்கொண்டு பெயரையும் மாற்றியது. அந்த அரசியல் சண்டை தனிக் கட்டுரைக்கான விஷயம். நமக்கு வேண்டியது இதுதான்: 1971 அக்டோபர் 1 அன்று மேஜிக் கிங்டம் திறந்த அதே நாளில் கன்டெம்பரரி, பாலினீசியன் என்ற இரண்டு ஓட்டல்களும் ஏரிக்கரையில் திறந்தன. யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் அறைகளை அருகிலிருந்த ஆலையில் முழுசாகச் செய்து, கிரேனால் தூக்கிச் சட்டகத்துக்குள் செருகியது. அனஹைமில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கைநழுவி நின்ற ஓட்டல் தொழில் இங்கே முதல் நாளே கைக்குள் வந்துவிட்டது.

1984இல் மைக்கேல் ஐஸ்னர் தலைமைக்கு வந்த பிறகுதான் ஓட்டல் கட்டுவது பெருந்தொழில் ஆனது. 1988இல் செல்வந்தர்களுக்கு கிராண்ட் ஃபுளோரிடியன், நடுத்தரத்துக்கு கரீபியன் பீச். 1994இல் கையிருப்பு குறைந்தவர்களுக்கு ஆல் ஸ்டார். மூன்று வகுப்பு. உயர்ந்த வகுப்பில் ஓர் இரவுக்குக் கொடுப்பதை வைத்து மலிவு வகுப்பில் மூன்று இரவு தங்கலாம். வித்தியாசம் படுக்கையிலும் குளியலறையிலும் இருப்பதைவிடப் போக்குவரத்தில் அதிகம் இருக்கிறது. உயர்ந்த வகுப்பில் பல, மோனோரயிலிலோ நடந்துபோகும் தூரத்திலோ அமைந்தவை. மலிவு வகுப்பை எல்லைப்புறத்தில் வைத்துப் பேருந்தை நம்ப விட்டார்கள்.

இந்தச் சூத்திரம் எங்கும் பலிக்கும் என்று நிறுவனம் நம்பியது. பாரிஸ் அதைப் பொய்யாக்கியது. 1992 ஏப்ரலில் யூரோ டிஸ்னி ஆறு பெரிய ஓட்டல்களோடு, சுமார் 5,200 அறைகளோடு திறந்தது. பூங்கா வாசலிலேயே புறநகர் ரயில் நிலையம். நாற்பது நிமிடத்தில் பாரிஸின் மையம். ஐரோப்பியக் குடும்பங்கள் காலையில் வந்து மாலையில் ரயிலேறின. அறைகள் காலியாகக் கிடந்தன. முதல் குளிர்காலத்தில் நியூபோர்ட் பே கிளப் ஓட்டலையே மூடி வைத்தார்கள். 1994இல் கடனை மறுசீரமைத்து, சவூதி இளவரசர் அல்வலீதின் பணத்தை உள்ளே கொண்டுவந்துதான் மூச்சுவிட முடிந்தது. ஆர்லாண்டோவில் அப்படியொரு ரயில் இல்லை; பாரிஸ் போன்ற இன்னொரு நகரமும் பக்கத்தில் இல்லை. உள்ளே தங்குவது லாபம் என்று தோன்றுவதற்கு ஓட்டலின் அழகு எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் வெளியே போக வர வசதியில்லாததும்.

இப்போது இன்றைய கணக்குக்கு வருவோம். உள்ளே தங்குகிறவருக்கு டிஸ்னி ஒரு காலத்தில் நிறையவே கொடுத்தது. 2005 முதல் 2022 தொடக்கம்வரை விமான நிலையத்திலிருந்து ஓட்டலுக்கு இலவசப் பேருந்து ஓடியது. பெட்டிகள் தாமாகவே அறைக்கு வந்து சேர்ந்தன. தாராளமாகத் தெரிந்த அந்த ஏற்பாடு கெட்டிக்காரத்தனமானதும்கூட. வந்திறங்கிய குடும்பம் கார் வாடகைக்கு எடுக்காது; கார் இல்லாவிட்டால் வெளியே சாப்பிடப் போகாது, போட்டி நிறுவனமான யுனிவர்சலின் பூங்காவுக்கும் போகாது. வரிசையைத் தாண்டிப் போகும் ஃபாஸ்ட்பாஸ் இலவசமாக இருந்தது. அதை உள்ளே தங்கியவர்கள் 60 நாள் முன்பே பதிவு செய்யலாம், மற்றவர்கள் 30 நாள் முன்பு. பேர்பெற்ற சவாரிகளில் வெளியாட்களுக்கு எஞ்சியது கொஞ்சம்தான்.

பெருந்தொற்றுக்குப் பின் இரண்டும் போய்விட்டன. 2021 அக்டோபரில் வரிசை தாண்டுவதற்குக் காசு என்றானது. லைட்னிங் லேன் என்ற பெயரில் 2024 ஜூலையில் முன்பதிவு திரும்பி வந்தது. உள்ளே தங்குகிறவருக்கு 7 நாள் முன்பு, மற்றவருக்கு 3 நாள் முன்பு. எல்லாருக்கும் கட்டணம் உண்டு. மீதமிருப்பவை: தினமும் அரை மணி நேரம் முன்னதாகப் பூங்காவுக்குள் விடுவது, உள்ளே ஓடும் இலவசப் பேருந்து, மோனோரயில், படகு, கம்பிவட வண்டி, பூங்காக்களில் காருக்குக் கட்டணமில்லாமை. மிக உயர்ந்த வகுப்பில் தங்கியவர்களுக்கு மட்டும் சில இரவுகளில் பூங்கா கூடுதல் நேரம் திறந்திருக்கும். டிஸ்னி எல்லைக்குள்ளேயே நிற்கும் ஸ்வான், டால்ஃபின் ஓட்டல்களை நடத்துவது டிஸ்னி அல்ல. ஆனாலும் அங்கே தங்குகிறவர்களுக்கும் அந்த அரை மணி நேரம் உண்டு. கார் நிறுத்தவும் ‘ரிசார்ட் கட்டணம்’ என்றும் அங்கே தனியாக வாங்குவார்கள். எல்லைக்கோடு எங்கே என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

முன்னதாக நுழையும் அரை மணி நேரத்தைப் பலர் பெரிதாகச் சொல்கிறார்கள். நாள் முழுக்க நீண்ட வரிசை நிற்கிற சவாரிகளில் ஒன்றிரண்டை அந்த நேரத்தில் சட்டென்று முடித்துவிடலாம் என்பது உண்மை. ஆனால் அதற்கு வாசல் திறப்பதற்கு முன்பே அங்கே நிற்க வேண்டும். இரண்டு வயதுக் குழந்தையும் மாத்திரை போட்டுக்கொண்டு மெதுவாகக் கிளம்புகிற தாத்தாவும் இருக்கும் குடும்பம் அந்தச் சலுகையை எத்தனை நாள் பயன்படுத்தும்? முதல் நாள் பயன்படுத்தும். மூன்றாம் நாள் எட்டரைக்கு எழுந்திருக்கும்.

என் கணிப்பில் தங்குமிடத்தைத் தீர்மானிப்பது காலை அல்ல, மதியம்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். பல நாள் டிக்கெட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 150 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நாலு பேருக்கு 600. பத்து மணி நேரம் உள்ளே இருந்தால் மணிக்கு 60 டாலர். வெளியே கிஸிமியிலோ இன்டர்நேஷனல் டிரைவிலோ தங்கியவர் காலையும் இரவும் காரை எடுக்க, நிறுத்த, ஏரியைத் தாண்ட என்று ஒன்றரை மணி நேரம் கூடுதலாகச் செலவிட்டால் அதன் மதிப்பு 90 டாலர்; பூங்காவில் கார் நிறுத்த இன்னும் முப்பது டாலர் அளவில். ஆனால் காலையில் போய் இரவு வாணவேடிக்கை வரை இருந்துவிட்டுத் திரும்புகிற குடும்பத்துக்கு இந்த இழப்பு நாளுக்கு ஒரு முறைதான். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், நன்றாக நடக்கக்கூடிய பெரியவர்கள் என்றால் வெளியே தங்கி மிச்சம் பிடிப்பதில் தவறே இல்லை.

மதியம் அறைக்குத் திரும்ப வேண்டிய குடும்பத்துக்கு எல்லாம் இரட்டிப்பாகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நடு ஃபுளோரிடாவில் பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் வெளியே நிற்க முடியாத புழுக்கம்; பிற்பகலில் இடி மின்னலோடு மழை கொட்டும்; திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். அந்த மூன்று மணி நேரம் அறையில் தூங்கி எழுந்து, ஐந்து மணிக்குத் திரும்பப் போகிறவர்களுக்கு இரவு பத்து வரை தெம்பு இருக்கும். வெளியே தங்கியவர் இதைச் செய்ய ஏரியை நாளுக்கு நான்கு முறை தாண்ட வேண்டும். ஒரு நாள் செய்வார்கள். மறுநாள் ஏதாவதொரு பெஞ்சில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

உள்ளே தங்கினாலும் எல்லா ஓட்டலும் ஒன்றல்ல. டிஸ்னி பேருந்தில் ஏற ஸ்ட்ரோலரை மடித்தாக வேண்டும். பகல் ஒன்றரை மணி. மூன்று வயதுப் பையன் அதில் அயர்ந்து தூங்குகிறான். அவனைத் தூக்கித் தோளில் போட்டு, கீழ்க்கூடையில் திணித்த மழைக்கோட்டு, தண்ணீர் பாட்டில், வாங்கிய பொம்மை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, ஒரு கையால் விசையை அழுத்தி வண்டியை மடிப்பதற்குள் அவன் விழித்து அழ ஆரம்பிப்பான். அறைக்குப் போனபின் தூங்கமாட்டான். மோனோரயிலில் இந்தப் பாடு இல்லை. வண்டியை அப்படியே உருட்டிப் போகலாம். 2019 செப்டம்பரில் தொடங்கிய ஸ்கைலைனர் என்ற கம்பிவட வண்டியிலும் பெரும்பாலான ஒற்றை ஸ்ட்ரோலர்களை மடிக்காமல் ஏற்றலாம். பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன் என்ற இரண்டு மலிவு வகுப்பு ஓட்டல்களிலிருந்து எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ் பூங்காக்களுக்கு அது போகிறது. கைக்குழந்தையோடு போகிறவர் டிஸ்னிக்குள் கொடுக்கிற காசுக்கு உருப்படியாக ஏதாவது வாங்க வேண்டுமென்றால் இந்த இரண்டில் ஒன்றைப் பார்க்கலாம் என்பேன். குறையும் உண்டு: பெட்டிக்குள் ஏசி கிடையாது, மின்னல் அடித்தால் நின்றுவிடும், மேஜிக் கிங்டமுக்கு அங்கிருந்தும் பேருந்துதான்.

யுனிவர்சலில் கணக்கே வேறு. போர்ட்டோஃபினோ பே, ஹார்டு ராக், ராயல் பசிபிக் ஆகிய மூன்று ஓட்டல்களின் அறை வாடகையிலேயே வரிசை தாண்டும் எக்ஸ்பிரஸ் பாஸ் சேர்ந்திருக்கிறது. தனியே வாங்கினால் நெரிசல் நாளில் ஆளுக்கு நூறு டாலருக்கு மேல். அறைக்கு வந்துசேரும் நாளும் காலிசெய்யும் நாளும் இரண்டுமே செல்லும் என்பதால், ஓர் இரவு தங்கினால் நாலு பேருக்கு இரண்டு நாள் பாஸ். பல சமயம் அறை வாடகையைவிடப் பாஸின் மதிப்பு அதிகமாக நிற்கும். அறை ஓசிக்கு வந்த மாதிரி. ஆனால் இது பழைய இரண்டு பூங்காக்களுக்கு மட்டும். 2025 மே 22 அன்று திறந்த எபிக் யுனிவர்ஸ் பூங்காவில் அந்த இலவசப் பாஸ் செல்லாது. எபிக் யுனிவர்ஸுக்கென்றே போகிறவர் அந்த மூன்று ஓட்டல்களுக்கு உயர்ந்த விலை கொடுப்பதில் அர்த்தமில்லை.

இத்தனைக்கும் மேலே, அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பல ஆர்லாண்டோவுக்குப் போவது நாலு பேராக அல்ல. ஊரிலிருந்து அப்பா அம்மாவோ மாமனார் மாமியாரோ வந்திருக்கும் மாதங்களில், பள்ளி விடுமுறையைப் பார்த்து, ஆறு பேராக. அடிக்கடி இன்னொரு நண்பர் குடும்பமும் சேர்ந்துகொள்ளும். டிஸ்னியின் சாதாரண அறையில் நாலு பேர், மூன்று வயதுக்குட்பட்ட ஒரு குழந்தை. அதற்கு மேல் போனால் இரண்டு அறை. ஆர்ட் ஆஃப் அனிமேஷனில் ஆறு பேர் தங்கும் தொகுப்பறைகள் இருக்கின்றன, விலை மலிவு வகுப்பின் விலையாக இருக்காது. எனவே இவர்கள் கண் கிஸிமி, டேவன்போர்ட் பக்கம் இருக்கும் வாடகை வீடுகளுக்குப் போகிறது. ஐந்து படுக்கையறை, பின்னால் நீச்சல்குளம், துணி துவைக்கும் இயந்திரம், முக்கியமாக அடுப்பு. இரண்டு குடும்பம் பகிர்ந்தால் ஆளுக்கு விழுகிற தொகை மலிவு ஓட்டலைவிடக் குறைவு.

விளம்பரத்தில் பார்க்கிற விலையை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. சுத்தம் செய்யும் கட்டணம், சேவைக் கட்டணம், வரி எல்லாம் அதன் மேல் ஏறும். கிஸிமி இருக்கும் ஓசியோலா கவுன்ட்டியில் விற்பனை வரியும் சுற்றுலா வரியும் சேர்ந்து 13.5 சதவீதம், ஆர்லாண்டோவின் ஆரஞ்சு கவுன்ட்டியில் 12.5. ஓட்டல்களிலும் ‘ரிசார்ட் கட்டணம்’ கடைசிப் பக்கத்தில் எட்டிப் பார்க்கும் வழக்கம் இருந்தது. 2025 மே 12 முதல் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்த விலையைத்தான் முன்னால் காட்ட வேண்டும் என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் விதி கொண்டுவந்திருக்கிறது. வரி அந்த விதிக்குள் வராது, பின்னால்தான் சேரும்.

வாடகை வீட்டுக்குக் கார் இல்லாமல் முடியாது. டாக்ஸியை நம்புகிறவர்கள், குறிப்பாக இந்தியாவிலிருந்து நேரே வருகிறவர்கள், ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஃபுளோரிடாவில் ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளைச் சிறுவர் இருக்கையில்தான் உட்கார வைக்க வேண்டும். வாடகை வண்டியில் அந்தப் பொறுப்பு ஓட்டுநருக்கு இல்லை, பெற்றோருக்கு. இருக்கையைக் கையோடு தூக்கிக்கொண்டு போய், பூங்காவுக்குள் நாள் முழுக்க எங்கே வைப்பது என்று திண்டாட வேண்டியிருக்கும். டிஸ்னியின் பேருந்துகளில் இந்தத் தொல்லை இல்லை.

அடுப்பு பற்றியும் சொல்ல வேண்டும். பூங்காவுக்குள் சைவ உணவு இப்போது தாராளமாகவே கிடைக்கிறது. அனிமல் கிங்டம் லாட்ஜ் ஓட்டலிலும் எப்காட்டிலும் மசாலா வாசம் அடிக்கிற சாப்பாடுகூட உண்டு. ஆனால் எழுபது வயதுக்காரர் மூன்று நாள் தொடர்ந்து ரொட்டியும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டால் நாலாம் நாள் ரசத்தைக் கேட்பார். குக்கரை வைத்து, தயிர்சாதம் கிளறி, டப்பாவில் போட்டு எடுத்துப்போனால் டிஸ்னி பூங்கா வாசலில் தடுக்கமாட்டார்கள். கண்ணாடிப் பாத்திரமும் பெரிய ஐஸ் பெட்டியும்தான் கூடாது. ஆறு பேருக்கு ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் நூறு டாலர் மிச்சமாகும். அந்த நூறு டாலரை மிச்சப்படுத்துகிறவர் யார் என்று எந்தச் சுற்றுலாக் கணக்கும் கேட்பதில்லை. காலை ஆறு மணிக்கு எழுந்து சாதம் வைத்து, இரவு பதினோரு மணிக்கு வந்து பாத்திரம் கழுவுகிறவருக்கு அந்த வாரம் விடுமுறையாக இருந்ததா என்று அவரிடம்தான் கேட்க வேண்டும்.

இரண்டையும் கலந்து செய்கிறவர்களும் இருக்கிறார்கள். முதல் நான்கு இரவு வாடகை வீடு; பிறகு மேஜிக் கிங்டமுக்கென்று டிஸ்னி ஓட்டலில் ஒரே ஓர் இரவு. டிஸ்னியிலும் முன்னதாக நுழையும் சலுகை வந்துசேரும் நாளுக்கும் காலிசெய்யும் நாளுக்கும் செல்லும்; பதிவு செய்திருந்தால் அறைச் சாவிக்குக் காத்திருக்காமல் காலையிலேயே ஓட்டலில் காரைவிட்டு, பெட்டிகளை ஒப்படைத்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்கலாம். ஆறு பேருக்கு அன்று இரண்டு அறை வேண்டும். வீட்டை பத்து மணிக்குக் காலிசெய்யச் சொல்லியிருப்பார்கள் என்றாலும், ஆறரைக்கே கிளம்பினால்தான் அந்த அரை மணி நேரம் கிடைக்கும். முந்தின இரவே குளிர்பெட்டியைக் காலிசெய்து, குக்கரைக் கழுவிப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். அந்த இரவுச் சாப்பாட்டை மட்டுமாவது இன்டர்நேஷனல் டிரைவ் பக்கத்து இந்திய உணவகம் ஏதாவதொன்றில் சொல்லி வாங்கிவிடுவது நல்லது.